எங்கள் ஊர்க் கலர் எங்கே போனது?

கொடைரோடு எழுதியது:

போன வாரம் உசிலம்பட்டியில் அப்பத்தா வீட்டைக் காலி செய்தோம். பரணில் பித்தளைப் பானைகளுக்குப் பின்னால் ஒரு கோலி சோடா பாட்டில் கிடைத்தது. உள்ளே கோலி அப்படியே இருக்கிறது, ஆட்டினால் கிணுகிணு என்று சத்தம். கழுத்தில் இருந்த ரப்பர் வாஷர் மட்டும் கல்லாய் இறுகிப் பொடிந்துவிட்டது. கண்ணாடி இளம்பச்சை. உடம்பில் எழுத்துகள் புடைத்து நிற்கின்றன, ஆனால் ரொம்பத் தேய்ந்துவிட்டன. "சோடா" என்பது தெரிகிறது. அதற்குக் கீழே ஊர்ப் பெயர், கடைசி இரண்டு எழுத்து மட்டும் தெளிவு: "னூர்".

எந்த ஊர், எந்தக் கம்பெனி என்று கண்டுபிடிக்க ஆசை. அப்பத்தா இப்போது இல்லை, கேட்க முடியாது. இங்கே பழைய சோடா, கலர் (நிறமும் இனிப்பும் சேர்த்த சோடா) கம்பெனிகளைப் பற்றித் தெரிந்தவர்கள் இருப்பீர்கள். அப்படியே உங்கள் ஊரில் சின்ன வயதில் குடித்த கலரின் பெயரையும் சொல்லுங்கள். எனக்கு ஆரஞ்சு நிறம் நாக்கில் ஒட்டியது மட்டும் நினைவில் இருக்கிறது, பெயர் இல்லை.

வைகைக்கரை எழுதியது:

தம்பி, "னூர்" என்றால் உங்கள் பக்கத்தில் இரண்டு ஊர். சின்னமனூர், இல்லையென்றால் போடிநாயக்கனூர். முன்னால் எத்தனை எழுத்துக்கு இடம் இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள்.

நான் மதுரை. எங்களுக்குக் கலர் என்றால் மாப்பிள்ளை விநாயகர். அதே பெயரில் தியேட்டரும் உண்டு என்பதால் பெயரை மறக்க வழியே இல்லை. அப்புறம் காளிமார்க். விருதுநகரில் 1916-ல் தொடங்கியது, 1950களின் கடைசியில் பொவண்டோ வந்தது. திராட்சை வாசனையோடு அந்தக் கருஞ்சிவப்பு இனிப்பு வேறு எதிலும் இல்லை. டொரினோவும் குடித்திருக்கிறோம்.

ஆனால் குடித்ததைவிட எனக்கு அந்தச் சத்தம்தான் நிற்கிறது. இடைவேளை மணி அடித்ததும் பையன்கள் கலர் பாட்டில்களை அடுக்கிய மரத்தட்டோடு உள்ளே ஓடி வருவார்கள். ஓப்பனரை பாட்டில் வரிசையின் மேல் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் இழுப்பார்கள். கிர்ர்ர்ர் என்று ஒரு சத்தம். "கலர், சோடா கலர்" என்று கூவ வேண்டிய அவசியமே இல்லை. பஸ் ஸ்டாண்டிலும் அதே சத்தம்தான். தூங்குகிற பிள்ளைகூட எழுந்து உட்கார்ந்து கலர் வேண்டும் என்று அழும். இன்றைக்குக் குளிர்பானம் விற்கிற எவரிடமும் அந்த இசை இல்லை.

தண்டவாளம் எழுதியது:

ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எங்கள் பக்கம் ஸ்டேஷனில் ஸ்பென்சர் சோடாதான் கௌரவம். மற்றது எல்லாம் ஸ்டேஷனுக்கு வெளியே.

மறந்துபோன கலர் என்றால் நான் ஒன்று சொல்கிறேன், அது அரசாங்கமே போட்ட கலர். 1977-ல் அன்னியச் செலாவணிச் சட்டப்படி வெளிநாட்டுப் பங்கை 40 சதவீதத்துக்குக் குறைக்கச் சொன்னபோது கோக்க கோலா மூட்டை கட்டிக்கொண்டு போனது. ஜார்ஜ் பெர்னாண்டஸ் தொழில் அமைச்சர். அந்த இடத்தை நிரப்ப அப்போது மாடர்ன் பிரெட் போட்ட அரசு நிறுவனம் 'டபுள் செவன்' என்று ஒரு கோலா கொண்டு வந்தது. 1977-ஐக் குறிக்கும் பெயர். ருசிக்கான கலவையை உருவாக்கியது மைசூர் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம். டெல்லியில் இருந்தபோது குடித்தேன். நன்றாகத்தான் இருந்தது. ஆட்சி மாறியது, கலரும் போய்விட்டது. அந்த இடத்தை தம்ஸ் அப்பும் கேம்பா கோலாவும் எடுத்துக்கொண்டன.

கொடைரோடு எழுதியது:

ஐயா, எண்ணிப் பார்த்தேன். "னூர்" முன்னால் நான்குக்கு மேல், ஏழுக்குக் கீழ். கண்ணாடி வளைவில் சரியாக அளக்க முடியவில்லை.

ஆரஞ்சு நிறம் கோல்டு ஸ்பாட்டாக இருக்குமா?

ஈப்போக்காரன் எழுதியது:

கோல்டு ஸ்பாட் பார்லேயுடையது, 1950களின் தொடக்கத்தில் வந்தது. நான் மலேசியா, ஆனால் விடுமுறைக்குத் தஞ்சாவூர் வரும்போது தாத்தா வாங்கித் தருவார். மூடிக்குள்ளே ஜங்கிள் புக் படங்கள் இருக்கும், அதற்காகவே பெரியப்பா பிள்ளைகளோடு சண்டை. 1993-ல் பார்லே அதைத் தம்ஸ் அப், லிம்கா, சிட்ரா, மாஸாவோடு சேர்த்து கோக்க கோலாவுக்கு விற்றது. தம்ஸ் அப் பிழைத்தது, கோல்டு ஸ்பாட்டை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஃபேன்டாவை வைத்தார்கள். 

மலேசியாவில் எங்கள் தோட்டத்தில் தீபாவளி என்றால் எஃப் அண்ட் என் ஆரஞ்சுப் பெட்டி. மரப்பெட்டிக்குள் 24 கண்ணாடி பாட்டில். அப்பா முதல் வாரமே சொல்லி வைப்பார், லாரி வந்து லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) வாசலில் இறக்கிவிட்டுப் போகும். சார்சி ஒரு பெட்டி, ஆரஞ்சு ஒரு பெட்டி. தீபாவளி முடிந்து காலி பாட்டில் எல்லாம் எண்ணிப் பெட்டியில் அடுக்கி வைப்பது பிள்ளைகள் வேலை. ஒன்று குறைந்தால் அம்மா வீடு முழுக்கத் தேடுவார்கள், ஏனென்றால் பாட்டிலுக்குக் கட்டிய முன்பணம் அதில்தான் இருக்கிறது. அந்தக் கம்பெனி 1883-ல் சிங்கப்பூரில் தொடங்கியது, இன்னும் இருக்கிறது. பெட்டிதான் இல்லை. இப்போது 1.5 லிட்டர் பிளாஸ்டிக்கில் வாங்கி, மிச்சத்தைக் கேஸ் போனபின் ஊற்றுகிறோம்.

யாழ்தேவி எழுதியது:

எங்களுக்குக் கலர் இல்லை, எல்லாமே சோடாதான். ஆரஞ்சு சோடா, கிரீம் சோடா. வீட்டுக்கு ஆட்கள் வந்தால் "சோடா உடைச்சுக் குடுங்கோ" என்பது மரியாதை.

கொழும்பிலிருந்து எலிபன்ட் ஹவுஸ் நெக்டோவும் ஜிஞ்சர் பியரும் வரும். பெயரில்தான் பியர், சாராயம் ஏதும் இல்லை. உண்மையான இஞ்சி, தொண்டையில் இறங்கும்போது சுள்ளென்று இருக்கும். வயிறு ஊதினால் அம்மம்மா அதைத்தான் தருவா. அதோடு யாழ்ப்பாணத்திலேயே சிறு சோடாக் கம்பெனிகளும் நெல்லிக் கிறஷ் போடுகிறவர்களும் இருந்தார்கள்.

1990க்குப் பிறகு பொருளாதாரத் தடை. மண்ணெண்ணெய் இல்லை, பற்றரி இல்லை, கொழும்புச் சோடாவும் இல்லை. வெறும் போத்தல் மட்டும் எல்லோர் வீட்டிலும் கிடந்தது. ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் பஞ்சு, சொட்டு மண்ணெண்ணெய், திரி. அந்த விளக்கில்தான் நான் சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்தேன். என் விளக்குக்கு மண்ணெண்ணெய் சேர்த்து வைத்த போத்தல் ஒரு நெக்டோப் போத்தல். இங்கே ரொறன்ரோவில் தமிழ்க் கடையில் நெக்டோ இப்போதும் கிடைக்கிறது. வாங்கிக் குடிக்கும்போது எனக்கு முதலில் வருவது மண்ணெண்ணெய் மணம்.

வைகைக்கரை எழுதியது:

தங்கச்சி, இதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் வேறு எதையும் படிக்கவில்லை.

சோடாக்காரர் மகள் எழுதியது:

கொடைரோடு தம்பி, முதலில் உங்கள் பாட்டிலுக்கு ஒரு வழி. கோதுமை மாவை உலர்ந்த துணியில் தொட்டு எழுத்தின் மேல் தேய்த்துத் துடைத்தால் பள்ளத்தில் மாவு நிற்கும், மேடு தெரியும். அப்படியும் புரியவில்லை என்றால் மெல்லிய காகிதத்தைச் சுற்றி, பென்சிலைச் சாய்த்துத் தேயுங்கள். ராத்திரியில் பக்கவாட்டில் டார்ச் அடித்துப் பார்ப்பதும் உதவும். தேய்மானத்தைப் பார்த்துக் கம்பெனிக்கு வந்த பாட்டிலின் வயதை அப்பா சொல்லுவார். ஒவ்வொரு தடவையும் கழுவி, அடுக்கி, உரசி உரசித் தேய்வதுதான் அது. உங்கள் பாட்டில் அவ்வளவு தேய்ந்திருந்தால், அது நிறைய வேலை செய்த பாட்டில்.

எங்கள் அப்பா திண்டுக்கல் பக்கத்தில் சின்ன ஊர் ஒன்றில் சோடாக் கம்பெனி வைத்திருந்தார். ஊர்க்காரர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள் என்பதால் பெயர் வேண்டாம். கம்பெனி என்றால் வீட்டின் முன்பக்கக் கொட்டகை. ஒரு தொட்டி, ஒரு மெஷின், ஒரு கேஸ் (கார்பன் டை ஆக்சைடு) சிலிண்டர்.

பாட்டிலைக் கழுவிக் கவிழ்த்து வைப்பது அம்மாவும் நானும். கலர் என்றால் முதலில் அளவுக் கரண்டியால் சீனிப்பாகும் எசென்ஸும். பிறகு தண்ணீர். தண்ணீரில் ஐஸ் போட்டுக் குளிர வைத்திருப்பார், குளிர்ந்த தண்ணீர்தான் கேஸை நன்றாக வாங்கும். பாட்டில்களை மெஷின் பெட்டிக்குள் படுக்க வைத்து, கேஸைத் திறந்து, சக்கரத்தைக் கையால் சுற்றுவார். பெட்டி தலைகீழாகப் புரளும், கேஸ் தண்ணீரோடு கலக்கும். பாட்டில் தலைகீழாக நிற்கும்போது கோலி உருண்டு கழுத்துக்கு வரும். உள்ளே இருக்கும் அழுத்தமே அதை வாஷரோடு ஒட்டித் தள்ளிப் பிடித்துக்கொள்ளும். மூடி வேண்டாம், தக்கை வேண்டாம். அந்தக் கோலியைக் கட்டைவிரலால் உள்ளே தள்ளுவதைத்தான் சோடா உடைப்பது என்கிறோம். கழுத்தில் இரண்டு பக்கம் அமுக்கிய பள்ளம் இருக்கிறதே, குடிக்கும்போது கோலி வாயை அடைக்காமல் அங்கே தங்கும்.

இதை நம் ஊர்ப் பொருள் என்று நினைத்திருந்தேன். 1870களில் இங்கிலாந்தில் ஹைராம் காட் என்பவர் காப்புரிமை எடுத்தது என்று பின்னால்தான் படித்தேன். அங்கே அது போய்விட்டது. ஜப்பானில் ராமுனே என்ற பெயரில் இருக்கிறது, நம்மிடம் இருக்கிறது.

வெடிக்கும். சித்திரை வெயிலில் நிச்சயம் வெடிக்கும். மெஷின் பெட்டிமேல் கம்பி வலை இருக்கும், அப்பா கையில் கோணிச் சாக்கு சுற்றியிருப்பார். அப்படியும் இரண்டு முன்கையிலும் வெள்ளைக் கோடுகளாகத் தழும்பு. சின்ன வயதில் அந்தக் கோடுகளை எண்ணுவேன். ஊரில் ஏதாவது கலவரம் என்றால் போலீஸ்காரர்கள் முதலில் எங்கள் கொட்டகைக்குத்தான் வருவார்கள், கையெறி குண்டுக்கு அடுத்தபடி சோடா பாட்டில்தான் என்று. மேடைக்கும் எங்களிடமிருந்துதான் போகும். பேச்சாளர் தொண்டையைச் செருமியதும் "தலைவருக்கு ஒரு சோடா" என்று குரல் வரும். எந்தக் கட்சியாக இருந்தாலும் சோடா எங்களுடையது. அப்பாவுக்கு அதில் பெரிய பெருமை.

நீர்மேல் எழுத்து எழுதியது:

அக்கா எழுதியதைப் படிக்க அருமையாக இருக்கிறது. ஆனால் நான் சுகாதார ஆய்வாளராக முப்பது வருடம் இருந்தவன், இதையும் சொல்ல வேண்டும். எல்லாக் கொட்டகையும் அக்கா அப்பாவின் கொட்டகை போல இல்லை. கிணற்றுத் தண்ணீரை அப்படியே ஊற்றியவர்கள் இருந்தார்கள். சீனி விலை ஏறியபோது சாக்கரினைக் கொட்டியவர்கள் இருந்தார்கள். கோலி பாட்டிலின் கழுத்துக்குள் பிரஷ் சரியாகப் போகாது, மஞ்சள் காமாலைக் காலத்தில் அது எங்களுக்குப் பெரிய கவலை. ஒரு கோடையில் ஒரே தெருவில் பதினோரு பேர் படுத்ததைப் பார்த்திருக்கிறேன். பழைய கலரை நினைத்து ஏங்குகிறவர்கள் இதை மறந்துவிடக் கூடாது.

சோடாக்காரர் மகள் எழுதியது:

உண்மைதான் ஐயா. கழுவுவதுதான் மொத்த வேலையில் பாதி. அதைச் செய்யாதவர்களால் செய்தவர்களுக்கும் கெட்ட பெயர் வந்தது.

பழைய வேன் எழுதியது:

இதுவரை யாரும் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். 1990களின் நடுவில் நான் ஒரு பெரிய குளிர்பானக் கம்பெனியின் வேனில் சேல்ஸ்மேன். எந்தக் கம்பெனி என்பது வேண்டாம். கடைக்காரருக்கு ஃப்ரிட்ஜ் இலவசமாகக் கொடுப்போம், எங்கள் பாட்டிலைத் தவிர வேறு வைக்கக் கூடாது என்பது நிபந்தனை. கரண்டு மட்டும் அவருடையது. மாசி பிறந்ததும் ஜில்லென்று இருப்பதைத்தானே கேட்பார்கள்? உள்ளூர்க் கலர் வெளியே பெட்டியில் வெயிலில் நிற்கும்.

அதைவிட மோசம், காலி பாட்டில். கடையில் எங்கள் காலியோடு உள்ளூர்க் கம்பெனியின் காலியும் கலந்து இருந்தால் சேர்த்து ஏற்றிக்கொண்டு வரச் சொல்லுவார்கள். எங்கள் கிடங்கின் மூலையில் ஆள் உயரத்துக்கு அடுக்கிக் கிடந்தன, நாலைந்து ஊர்ப் பெயர் போட்ட பாட்டில்கள். எங்களுக்கு அதில் ஒரு பயனும் இல்லை. நான் கேள்வி கேட்கவில்லை. இருபத்தி மூன்று வயது, கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. அந்த அடுக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது.

ஈப்போக்காரன் எழுதியது:

அப்படியென்றால் பெரிய கம்பெனிகள்தான் கொன்றன.

சோடாக்காரர் மகள் எழுதியது:

பழைய வேன் அண்ணே, நீங்கள் எழுதியதற்கு நன்றி. எங்களுடைய பெட்டிகளும் அப்படிக் காணாமல் போயின, எங்கே என்று தெரியாமல் அப்பா கடை கடையாகச் சைக்கிளில் போய்க் கேட்டார்.

ஆனாலும் ஈப்போ அண்ணே, அதோடு முடிக்க மாட்டேன். நான் இதை ரொம்ப வருடம் யோசித்திருக்கிறேன். எங்கள் கலரின் ருசிக்குப் போட்டி வந்ததால் நாங்கள் மூடவில்லை. பாட்டில் திரும்பி வர வேண்டிய அவசியம் போனதால் மூடினோம்.

பாட்டிலின் விலை உள்ளே இருக்கும் கலரின் விலையைப்போலப் பல மடங்கு. அதனால் போன பாட்டில் வந்தே ஆக வேண்டும். சைக்கிளில் இரண்டு பெட்டி கட்டிப் போய், காலியை எடுத்துக்கொண்டு இருட்டுவதற்குள் திரும்புகிற தூரம் எவ்வளவோ, அவ்வளவுதான் கம்பெனியின் எல்லை. எங்களுக்கு அது பதினைந்து கிலோமீட்டர். அதற்கு அந்தப் பக்கம் வேறொருவர் கம்பெனி, வேறு பெயர், வேறு ருசி. அவருடைய பாட்டில் எங்களுக்கு வந்தால் எடுத்து வைத்துக் கொடுத்துவிடுவோம், எங்களுடையதை அவர் கொடுப்பார். ஊருக்கு ஒரு கலர் இருந்ததற்குக் காரணம் ருசியே இல்லை, இந்தக் காலி பாட்டில்தான். மதுரையில் ஒரு பெயர், விருதுநகரில் ஒரு பெயர், பத்து மைல் தாண்டினால் இன்னொரு பெயர் என்று இருந்தது அதனால்தான்.

பெரிய கம்பெனியும் முதலில் கண்ணாடியில்தான் வந்தது, அதை அப்பா சமாளித்தார். குடித்துவிட்டுத் தூக்கி எறிகிற பிளாஸ்டிக் பாட்டில் வந்த பிறகு எல்லையே இல்லை. எங்கோ நிரப்பி, லாரியில் ஏற்றி, எந்த ஊரிலும் இறக்கலாம், எதுவும் திரும்ப வேண்டாம். எங்களால் பிளாஸ்டிக் பாட்டில் ஊதும் மெஷின் வாங்க முடியவில்லை. 2003-ல் மெஷினைப் பழைய இரும்புக்குப் போட்டார். எடைக்குத்தான் போனது.

2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுப் போராட்டம் முடிந்தபின், மார்ச் 1 முதல் வெளிநாட்டுக் குளிர்பானம் விற்க மாட்டோம் என்று வணிகர் சங்கங்கள் அறிவித்தன இல்லையா? அப்போது பழைய கடைக்காரர் ஒருவர் அப்பாவுக்குப் போன் செய்தார். "அண்ணே, கலர் போடுறீங்களா? பத்துப் பெட்டி வேணும்." அப்பா ரொம்ப நேரம் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மெஷின் இல்லை, பாட்டில் இல்லை, கை நடுங்குகிற வயது.

தண்டவாளம் எழுதியது:

போட்டிருந்தாலும் அதே வருடம் ஜூலையில் ஜிஎஸ்டி வந்திருக்கும் அம்மா. அப்போது சோடா, கலருக்கு 28 சதவீதம், மேலே 12 சதவீதம் செஸ். மொத்தம் 40. என் மருமகன் கணக்காளர், அவர் சொல்லி எனக்குத் தெரியும். உலகக் கம்பெனிக்கும் கொட்டகைக் கம்பெனிக்கும் ஒரே விகிதம். சிறு வியாபாரிகளுக்கான தொகுப்பு வரித் திட்டத்திலாவது இருக்க முடிந்தது, 2019 அக்டோபரில் அதிலிருந்தும் பான் மசாலா, புகையிலையோடு சேர்த்து வெளியே வைத்துவிட்டார்கள். பன்னீர் சோடா விற்கிறவருக்கும் புகையிலை விற்கிறவருக்கும் ஒரே வரிசை. இது என்ன நியாயம் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

யாழ்தேவி எழுதியது:

இங்கே கடையில் இப்போது இந்தியக் கோலி சோடா வருகிறது, வண்ண வண்ணமாக. பிள்ளைகள் கோலியைத் தள்ளுவதற்காகவே வாங்குகிறார்கள். குடித்து முடித்ததும் போத்தல் மறுசுழற்சிப் பெட்டிக்குள். அக்கா எழுதியதைப் படித்தபின் நேற்று ஒன்றைக் கழுவிச் சன்னலில் வைத்தேன்.

கொடைரோடு எழுதியது:

அக்கா சொன்னபடி மாவு தேய்த்தேன். தெரிந்துவிட்டது!

"யக்கனூர்" என்பது முழுசாக நிற்கிறது. அதற்கு முன்னால் ஒரு துணையெழுத்து. போடிநாயக்கனூர்தான். மேலே கம்பெனிப் பெயர் இருந்த இடம் மழமழ என்று போய்விட்டது, இரண்டு இனிஷியல் மட்டும் மங்கலாக. பென்சில் தேய்ப்பில் "எஸ்" போல ஒன்று வருகிறது.

அப்பாவிடம் கேட்டேன். அப்பத்தாவின் தம்பி போடியில் ஏலக்காய் மண்டியில் கணக்கு எழுதினாராம். மாதம் ஒருமுறை ரயிலேறி அக்காவைப் பார்க்க வருவாராம், கையில் ஏலக்காய்ப் பொட்டலமும் கலரும். அவர் திடீரென்று இறந்துபோனார். அதற்குப் பிறகு அப்பத்தா போடி போகவே இல்லை என்று அப்பா சொன்னார்.

தண்டவாளம் எழுதியது:

மதுரை போடி மீட்டர் கேஜ் வண்டி. 1928-ல் போட்ட பாதை. உசிலம்பட்டியில் நின்றுதான் போகும். அந்தச் சின்ன வண்டியில்தான் உங்கள் பாட்டில் வந்திருக்கிறது. 2010 கடைசியில் அகலப் பாதைக்காக நிறுத்தினார்கள், போடிக்கு மறுபடி வண்டி ஓடியது 2023 ஜூனில்.

சோடாக்காரர் மகள் எழுதியது:

அந்தப் பக்கத்துக் கம்பெனிகள் அப்பாவுக்குத் தெரியாது, எங்கள் எல்லைக்கு வெளியே. ஆனால் தம்பி, போடியில் அந்தக் குடும்பம் யாராவது இருக்கலாம். தன் கம்பெனிப் பாட்டில் ஒன்றுகூட வீட்டில் இல்லாத சோடாக்காரர்கள் நிறைய. எங்கள் வீட்டிலும் இல்லை.

வைகைக்கரை எழுதியது:

எனக்கு அங்கே சம்பந்தி வீடு இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை போகிறேன். பாட்டிலைப் படம் எடுத்து அனுப்புங்கள் தம்பி, ஏலக்காய் மண்டிப் பக்கம் பெரியவர்களிடம் காட்டிக் கேட்கிறேன்.

கொடைரோடு எழுதியது:

படம் வேண்டாம் ஐயா, பாட்டிலையே எடுத்துக்கொண்டு நானும் வருகிறேன். நீங்கள் மதுரையில் ஏறுங்கள், நான் உசிலம்பட்டியில் ஏறிக்கொள்கிறேன். எந்த வண்டி என்று மட்டும் சொல்லுங்கள்.